அடியில் ஊற்றிய நீலத் தண்ணீர்

ஆடி அமாவாசையன்று என் மாமனாருக்குத் திதி கொடுக்கப் பவானி கூடுதுறைக்குப் போயிருந்தோம். வீட்டுக்காரர் படித்துறையில் ஐயர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பையனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒருத்தி என் தோளைத் தொட்டு, "ஏம் புள்ள, நீதானே?" என்றாள். தலைமுடியில் தறிப் பஞ்சு ஒட்டியிருந்தது. சிரித்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. கோகிலா. எட்டாம் வகுப்பு வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தவள்.

பாலம் தாண்டி குமாரபாளையத்தில்தான் இருக்கிறாளாம். விசைத்தறி ஓட்டுகிறாளாம். அவளுடைய அப்பா போன தை மாதம் தவறிப்போய்விட்டார், தம்பி திதி கொடுக்க வந்திருக்கிறான், துணைக்கு வந்தேன் என்றாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்: "கடைசி வரைக்கும் உன்னயக் கேட்டுட்டே இருந்தாருடி. அந்தச் சாமி நல்லாருக்குதான்னு."

எங்கள் பக்கம் குழந்தைகளைச் சாமி என்று கூப்பிடுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அவர் என்னைக் கூப்பிட்டது அப்படி இல்லை. கோகிலா ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போன பிறகு, நான் படியிறங்கி அந்த மனிதருக்காக ஒரு கை தண்ணீர் அள்ளி ஆற்றிலேயே விட்டேன். அது முறையா என்று தெரியவில்லை. மனசு கேட்கவில்லை, செய்தேன்.

எங்கள் ஊர் எருமப்பட்டிக்குப் பக்கம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைதான். அதற்கு மேல் படிக்க எருமப்பட்டிக்குப் பஸ் ஏற வேண்டும். நாங்கள் எட்டாவது முடிக்கும் அந்த வருஷம், ஆண்டு விழாவோடு அறிவியல் கண்காட்சியும் வைப்பது என்று முடிவு செய்தார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு மாடல் செய்ய வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் எரிமலை என்றார்கள். மீதிப்பேர் காற்றாலை என்றார்கள். நானும் கோகிலாவும் மட்டும் இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு கோலம் போட்டு வைங்கடி, அதுவும் கண்காட்சிதான்" என்றான் எரிமலைக்காரன் ஒருவன்.

கோகிலா திரும்பிப் பார்த்து, "நீ எரிமலைக்குச் சோடா உப்பு வாங்காதடா. மேசை மேல ஏறி உன்ற வாயத் தொறந்து வச்சுக்கோ, தானாப் பொங்கி ஊத்தும்" என்றாள். டீச்சரே சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் அவளுக்குத்தான் யோசனை வந்தது. அவர்கள் காட்டில், எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம், ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடப் போகிறார்கள். கிணறு வற்றி, வெங்காயம் வைத்து இரண்டு போகம் காய்ந்துபோயிருந்த நேரம் அது. பூமிக்குள் குழாய் இறங்க இறங்க மண்ணும் கல்லும் தூளாகி மேலே வருமே, அதை ஒவ்வொரு நிறமாகப் பிடித்து வைத்தால்? எங்கள் அப்பா கொத்தனார். மட்டம் பார்க்கிற லெவல் டியூப் ஒன்று, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், வீட்டில் கிடந்தது. அதைப் பலகையில் நிறுத்திக் கட்டி, உள்ளே அந்தத் தூளை அடுக்கினால், ஊர் நிலத்தையே அறுத்து நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். மேலே செம்மண். அடியில் தண்ணீர்.

"தண்ணி வந்துச்சுன்னா நானும் உன்ற கூட எருமப்பட்டிக்கு ஒம்பதாவது வருவேன்டி. அப்பா சொல்லிப்போட்டாரு" என்றாள்.

"வரலீன்னா?"

"தறிக்குத்தான். குமாரபாளையத்துல ஒருத்தரு ஊடு குடுத்துக் குடும்பத்தோட வரச் சொல்றாராம்." கொஞ்சம் நடந்துவிட்டு, "ஆனா வரும்" என்றாள்.

போருக்கு இடம் பார்க்க ஒருவர் வந்து, உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடம் என்று கிழக்கு மூலையில் ஒரு குச்சி நட்டார். ஆனால் கோகிலாவின் அப்பாவுக்கு அது போதவில்லை. அம்மனிடம் பூ கேட்காமல் அவர் ஒரு காரியமும் தொடங்கியதில்லை. வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். வயசுக்கு வராத ஒரு பெண்பிள்ளை அதில் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதித்தாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். கேட்கிறவர் சொந்தப் பிள்ளை எடுக்கக் கூடாது என்று பூசாரி சொல்ல, என்னைக் கூப்பிட்டுப் போனார்கள்.

தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டச் சொட்டக் கோயிலில் நின்றேன். உள்ளே எண்ணெய் வாசமும் எலுமிச்சை வாசமும் கலந்திருந்தது. இரண்டு பொட்டலமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. எனக்கு ஒரு குரலும் கேட்கவில்லை, ஒன்றும் தோன்றவுமில்லை. கிட்டே இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

கோகிலாவின் அப்பா பெரிய உடம்புக்காரர். அவர் அப்படியே தரையில் விழுந்து அம்மனைக் கும்பிட்டார். எழுந்து, என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமி" என்றார். மீசை குத்திக் கூசியது. நான் சிரித்தேன்.

திருச்செங்கோட்டுப் போர் வண்டி வந்த அன்று நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போகவில்லை. டீச்சரிடம் புராஜெக்ட் என்று சொல்லிவிட்டோம். ஒரு லாரியில் துளை போடும் இயந்திரம், இன்னொன்றில் காற்றடிக்கும் கம்ப்ரசர். நான் எடுத்துக் கொடுத்த அந்த வெள்ளைப் பூவைக் குச்சி நட்ட இடத்தில் வைக்கச் சொன்னார் கோகிலாவின் அப்பா. அதன் மேலேதான் இயந்திரத்தின் முனையை இறக்கினார்கள். தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். அவள் அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை.

தேதி கிழிக்கிற காலண்டர் தாள்களை ஒரு கத்தை கொண்டுபோயிருந்தோம். தூளைப் பிடித்துப் பொட்டலம் கட்டி, எது முதலில் வந்தது எது பின்னால் வந்தது என்று மாறாமல் சாக்கின் மேல் வரிசையாக வைக்க வேண்டும். இதில் ஒரு சங்கடம் இருந்தது. அதைக் கோகிலாதான் கண்டுபிடித்தாள். முதலில் வருவது நிலத்தின் மேல் மண். குழாயில் அது மேலே இருக்க வேண்டும். அதனால் கடைசியில் வரும் பொட்டலத்தைத்தான் குழாயில் முதலில் போட முடியும். தண்ணீர் வந்த பிறகுதான் எங்கள் வேலையே தொடங்கும்.

"அப்ப நாமளும் உங்கப்பா மாதிரி உக்காந்திருக்க வேண்டீதுதான்" என்றேன்.

செம்மண் வந்தது. மஞ்சளாக ஓடைக்கல் வந்தது. பாறை தட்டியதும் சத்தம் மாறியது. பேசுவது காதில் விழவில்லை, நெஞ்சுக்குள்ளேயே இடித்தது. வெள்ளைவெளேர் என்று தூள் பீய்ச்சி அடித்து எல்லார் தலையும் நரைத்துப்போனது. இயந்திரத்தை ஓட்டிய அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்து, "அம்முணி, நல்லாப் பாத்துட்டே இருங்க. பாறை மாறுற எடத்துலதான் தண்ணி நிக்கும். கலரு மாறுனா ஒரு கத்து கத்துங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் கலர் பார்க்கிறவள் ஆகிவிட்டேன். சாம்பல் நிறம் வந்தபோது கத்தினேன். கோகிலாவின் அப்பா ஓடிவந்து தூளை அள்ளிக் கசக்கிப் பார்த்தார். ஈரமில்லை. கருப்பு வந்தபோது கத்தினேன். ஓடிவந்தார். ரோஜாப்பூ நிறத்தில் ஒரு தூள் வந்தது. அத்தனை அழகான மண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்கும் கத்தினேன். எனக்கு ஒவ்வொன்றும் குழாயில் ஒரு புது வளையம். எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு நல்லது. கோகிலா மட்டும் போகப் போகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பொட்டலத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டினாள்.

பொழுது சாய்ந்தபோது மறுபடியும் வெள்ளைத் தூளாகி, வெறும் புகைதான் வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் தண்ணீர் இல்லாத போரைப் புகை என்றுதான் சொல்வார்கள். அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல உங்க இஷ்டமுங்க" என்றார். நிறுத்தியதும் எழுந்த அமைதியில் எங்கேயோ ஒரு கோழிப்பண்ணையின் மோட்டார் ஓடுவது கேட்டது. கோகிலாவின் அப்பா கையை மட்டும் ஆட்டினார். வண்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வரப்பில் உட்கார்ந்த அவர், எங்கள் சாக்கின் மேலிருந்த கடைசிப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் பொட்டலங்களைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார். எந்த மாடலிலும் இல்லாத நிஜமான பொருள் என்றார். பிறகு, "அடியில தண்ணிக்கு என்ன வைக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"தண்ணி வரலீங் டீச்சர்" என்றாள் கோகிலா.

"தெரியும்மா. ஆனா நிலத்தடி நீர்னு தலைப்பு வச்சுட்டு நீரே இல்லாட்டி எப்படி? பாக்க வர்றவங்களுக்குப் புரியணுமில்ல?" அவர் கடிந்து சொல்லவில்லை. நல்ல மனசோடுதான் சொன்னார். இன்றைக்கு யோசித்தாலும் அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

சொட்டு நீலம் கலந்த தண்ணீரைக் குழாயின் அடியில் ஊற்றினோம். மேலே இருக்கிற தூள் நனையாமலிருக்க, மெழுகுவர்த்தியை உருக்கி அதன் மேல் ஒரு மூடிபோல விட்டோம். பிறகு கடைசிப் பொட்டலம், அதற்கு முந்தியது, அதற்கு முந்தியது என்று கொட்டிக்கொண்டே வந்தோம். கோகிலா புனலைப் பிடித்தாள், நான் கொட்டினேன். மேலே செம்மண் வந்ததும் அவள் பச்சைக் காகிதத்தில் கத்தரித்த வெங்காயத் தாளை ஒட்டினாள். நிமிர்த்தி வைத்துப் பார்த்தோம். வெயில் பட்டு அடியில் அந்த நீலம் மின்னியது. உண்மையைச் சொன்னால், அதுதான் எல்லாவற்றையும் விட அழகாக இருந்தது.

கண்காட்சியன்று ஊரே வந்தது. எரிமலைகள் காலையிலேயே பொங்கி முடிந்து மேசையெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தது. எங்கள் மேசை முன்னால்தான் கூட்டம். "இது நம்மூரு மண்ணா?" என்று கேட்டுக் கேட்டுப் போனார்கள். கோகிலாவின் அப்பா கடைசியாக வந்தார். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. குழாயை மேலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். அந்த விரல் நீலத்தில் வந்து நின்றது.

"இது என்ன சாமி?" என்று கேட்டார். மகளிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.

"தண்ணிங் மாமா."

"நம்ம காட்டுக்கு அடியிலயா?"

"ஆமாங் மாமா. இந்த வெள்ளப் பாறைக்குக் கீழ" என்று நான் வருகிறவர்களுக்கெல்லாம் ஒப்பித்ததையே ஒப்பித்தேன்.

கோகிலா குறுக்கே வந்தாள். "அப்பா, அது நாங்க ஊத்துனதுப்பா. சொட்டு நீலம்."

"ஆரு ஊத்தச் சொன்னா?"

"டீச்சருப்பா."

"டீச்சருக்கு ஆரு சொன்னா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. காணாமல்போன மாட்டைத் தூரத்தில் பார்த்துவிட்டவர் முகம்போல இருந்தது. "வெள்ளப்பூ குடுத்தவ பொய் சொல்லுவாளா? நாந்தான் பாதீல நிறுத்திப்போட்டேன்" என்று தனக்குத்தானே சொன்னார். அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் மாடல் அவருக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கோகிலா என் கையைப் பிடித்து நசுக்கினாள். அதையும் நான் சந்தோஷத்தில் பிடிக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்குத்தான் முதல் பரிசு. ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள்.

அந்த மாசமே கோகிலாவின் அப்பா காட்டின் மேல்பாதியைப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரருக்கு விற்று எழுதிக் கொடுத்தார். இதை எங்கள் அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "பைத்தியக்காரத்தனம் பண்றாரு. ஆரு சொன்னாலும் கேக்கறதில்ல. அம்மனே சொல்லிப்போட்டாங்கறாரு" என்றார் அப்பா. அம்மன் சொன்னால் நல்லதுதானே, இதற்கு ஏன் அப்பா இப்படிச் சலித்துக்கொள்கிறார் என்று எனக்கு அப்பாமேல்தான் கோபம் வந்தது.

பரீட்சை முடிந்த மறுநாள், போர் வண்டியின் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. பழைய குழியிலேயே இன்னும் ஆழமாக இறக்குகிறார்கள் என்று தெரிந்ததும், நான் காலண்டரிலிருந்து தாள்களைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். பரிசு கொடுத்தபோது டீச்சர், இதை மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார். கீழே இன்னும் இரண்டு நிறம் கிடைத்தால் குழாயைப் பிரித்து மறுபடி அடுக்கிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே ஓடினேன். எங்கள் புராஜெக்ட்டுக்காகவே வண்டி திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு.

காட்டில் கோகிலாவின் அம்மா இந்த முறை கும்பிட்டபடி நிற்கவில்லை. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு இருந்தது. கோகிலா வேப்பமரத்தடியில் நின்றாள். "வாடி, பிடிக்கலாம்" என்று தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. இரண்டு கையையும் பாவாடைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். சரி, உனக்கு வேண்டாமென்றால் போ, நானே பிடிக்கிறேன் என்று நான் மட்டும் குழியருகே போய் உட்கார்ந்தேன்.

வெள்ளை, வெள்ளை, வெள்ளை. மத்தியானம் முழுக்க வெள்ளையாகவே வந்தது. இயந்திரத்து அண்ணன் அன்று சிரிக்கவில்லை, என்னிடம் பேசவும் இல்லை. குழாயின் மேல் குழாயாக மாட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு, வெயில் இறங்குகிற நேரத்தில், தூளில் ஒரு சிவப்புச் சாயல் தெரிந்தது. காவி நிறம். குங்குமத்தைத் திருநீற்றில் கலந்த மாதிரி.

நான் எழுந்து நின்று என் பலம் கொண்ட மட்டும் கத்தினேன். "கலரு மாறிப்போச்சுங் மாமா! கலரு மாறிப்போச்சு!"

கிணற்று மேட்டில் நின்ற கோகிலாவின் அப்பா ஓடிவந்தார். அவிழ்ந்த வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடிவந்தார். அவள் அம்மாவும் திரும்பிப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான். கோகிலா மட்டும் மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஈரமா சாமி?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

நான் தாளை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினேன். "இல்லீங் மாமா. புதுக் கலரு. இந்த மாதிரி நமக்கு வந்ததே இல்ல."

அவர் கையை விட்டு அதை அள்ளினார். பொடிப்பொடியாக இருந்தது, பாறையின் சூடு இன்னும் ஆறவில்லை. விரலிடுக்கில் எல்லாம் உதிர்ந்துபோனது. உள்ளங்கையில் ஒட்டிய மிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்று விரலால் தொட்டு, நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துப் பூசிக்கொண்டார். இயந்திரத்து அண்ணனைப் பார்த்துக் கையை ஆட்டினார். சத்தம் நின்றது.

நான் பூ எடுத்த அன்று அம்மன் என்ன நினைத்தாள் என்று இன்றைக்கும் விளக்கேற்றும்போது கேட்கிறேன். குறை சொல்ல வாய் வருவதில்லை, கேட்காமலிருக்கவும் முடிவதில்லை. அந்த வைகாசியிலேயே அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு குமாரபாளையத்துக்குப் போய்விட்டார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு நான் தனியாகத்தான் பஸ் ஏறினேன்.

ஆனால் அந்த மாலையில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? அவர் அம்மனுக்கு நன்றி சொல்லித் திருநீறு பூசுகிறார் என்று நினைத்தேன். தாளில் மீதமிருந்த தூளைச் சிந்தாமல் பொட்டலம் கட்டுவதற்கு முன்னால், நானும் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். மரத்தடியில் நின்ற கோகிலாவுக்கும் ஒரு சிட்டிகை கொண்டுபோனேன்.